மதலேனின் கடகம்

அந்த ஊர்க் கோயிலுக்கு அந்த வருசம் கூரை இல்லை. ஆனால் சாமியாருக்கு வாய் இருந்தது. இந்த இரண்டும்தான் சந்தியாப்போடியாருக்குத் தலையிடி.

ஊர் எது என்று கேட்டால், சொறிக்கல்முனைக்கு அங்கால் உள்ள ஒரு கத்தோலிக்கக் கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இன்றைக்கும் என்னைக் கண்டால் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நான் கல்முனைக்குடியான். பெயர் காலிதீன்; அந்தப் பக்கத்துப் பொண்டுகளுக்குக் காக்கா, அதாவது அண்ணன். அப்போது சொந்தமாக ஒரு உழவு மிசின் வைத்திருந்தேன். விதைப்புக் காலத்தில் உழவு, அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டுகளின் மேல் ஓட்டி நெல் உதிர்க்கிற சூடடிப்பு. என் மிசின் சாதி சமயம் பார்க்காது. வீரமுனையில் தேங்காய் உடைத்த பிறகு ஓடும், இந்தக் கிராமத்தில் பாதர் தீர்த்தம் தெளித்த பிறகு ஓடும். நான் பிஸ்மி சொல்லாமல் மட்டும் எங்கேயும் ஓடாது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையில் தென்னைகளைச் சரித்துவிட்டு உள்ளே போய், அந்தக் கோயிலின் ஓடுகளையெல்லாம் பெயர்த்து வயலில் எறிந்தது. மதலேன் என்ற பெண்ணின் வீட்டுச் சுவரும் அன்றுதான் விழுந்தது. சுவருக்குக் கீழே அவள் புருசன் படுத்திருந்தான். மூன்று பெண்பிள்ளைகளோடு அவள் மிஞ்சினாள். இந்தக் கதை நடந்தது அதற்கு அடுத்த பெரும்போக அறுவடையில், எண்பதாம் ஆண்டு, அவர்களுடைய தவக்காலத்தில்.

சாமியாரின் பெயர் பாதர் யோக்கீம். சூறாவளிக்குப் பிறகு வந்தவர். வந்ததும் செய்த முதல் வேலை, சாமிமார் தங்கும் அறைவீட்டைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூலிக்காரர் இருந்த வரிசையில் ஒரு தென்னோலைக் கிடுகுக் குடிசையில் போய்க் குந்திக்கொண்டது. சாரனும் பெனியனுமாகக் கிணறு இறைப்பார். பூசை கோயில் முற்றத்தில், வாகை மரத்துக்குக் கீழே. பிரசங்கத்தில் மோட்சத்தைப் பற்றிக் கொஞ்சமும் கூலியைப் பற்றி நிறையவும் கதைப்பார். தென்னமெரிக்கா என்ற தேசத்தில் சாமிமார் ஏழைகளோடு சேர்ந்து பெரிய காணிக்காரரை எதிர்த்து நிற்கிறார்களாம், அதற்கு விடுதலை இறையியல் என்று பெயராம். கல்முனைச் சந்தையில் ஒரு வாத்தியார் எனக்கு இதை விளங்கப்படுத்தினார். நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. விளைச்சலில் ஏழைக்குப் பங்கு உண்டு என்பது எங்களுக்கு ஸக்காத்து. கொடுக்காமல் ஒளிக்கிற ஆட்கள் எங்கள் பக்கத்திலும் குறைவில்லை.

சந்தியாப்போடியாரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரின் பெரிய வயற்காரர், அதைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பது; கோயில் சபைத் தலைவரும் அவர்தான். கோயிலுக்கு ஆற்றோரமாக நல்ல நெல்வயல் இருந்தது. அதை அவர்தான் செய்து, விளைச்சலைக் கோயிலுக்கு ஒப்படைப்பார். ஒரு மணி நெல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று அவருடைய எதிரியும் சொல்ல மாட்டான். கோயில் கூரையில்லாமல் கிடப்பது அவருக்கு உடம்பில் சட்டையில்லாமல் சந்தைக்குப் போவது மாதிரி இருந்தது. இந்தப் போகத்து நெல் முழுவதும் கூரைக்கு என்று முடிவெடுத்தார். முழுவதும் என்றால் முழுவதும்தான். ஆகையால் அறுத்த வயலில் பொண்டுகள் கதிர் பொறுக்கக் கூடாது என்று கோயில் முற்றத்தில் அறிவித்துவிட்டார்.

பொறுக்குகிறவர்கள் யாரென்று சொல்ல வேண்டும். விதைத்த வயலில் புல்லுப் பிடுங்குகிற பொண்டுகள்தான் அவர்கள். அறுவடை முடிந்து கட்டுகளைத் தூக்கிய பிறகு, சிந்திய கதிர் அவர்களுக்கு என்பது அந்தப் பக்கத்து வழமை. மதலேனைப் போன்றவர்களுக்கு மழைக்காலச் சோறு அதுதான். வேறு நெல் அவர்கள் வீட்டுக்குள் வர வழியே கிடையாது.

மிசின் எப்போது வர வேண்டும் என்று கேட்க நான் போடியார் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பாதர் வந்தார். கதிரையில் உட்காரவுமில்லை.

"போடியார், சிந்தின கதிர் பொண்டுகள்ர பங்கு. என்ர அப்பாவும் ஆயித்தியமலைப் பக்கம் போடியார்தான். அவர் ஒருநாளும் தடுத்ததில்ல."

"உங்கட அப்பாட வயல் அவர்ர வயல், சாமி. இது ஆண்டவர்ர வயல். இதில ஒரு கதிர் பிசகினாலும் நான்தான் மேல போய்ப் பதில் சொல்லணும். கோயில் மொட்டையாக் கிடக்குது. உங்களுக்கு அது கண்ணில படல்லியா?"

"ஆண்டவருக்குப் பசிக்காது போடியார். மதலேன்ர பிள்ளையளுக்குப் பசிக்கும்."

"சாமி பூசையப் பாருங்க. வயல நான் பாக்கிறன்."

பாதர் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். பிழைப்புக்காரன் வேறு எதைப் பார்ப்பது?

அறுவடை நடந்த நாளில் மதலேன் வழமைபோலக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். அறிவித்தது அவளுக்குத் தெரியாமலில்லை. வழமையை ஒரு வாயால் நிறுத்த முடியாது என்று நினைத்தாள். காவல்காரன் கதிர்காமன் ஓடிவந்து கடகத்தைப் பறித்து, உள்ளே கிடந்த கதிர்களை வரம்பில் கொட்டினான். போடியார் அந்தக் கடகத்தை வயலில் காவல் இருக்கிற வாடியின் முன்கம்பத்தில் தொங்கவிடச் சொன்னார். பனையோலைக் கடகம், விளிம்பில் சிவப்புச் சாயம் போட்டது, எல்லாருக்கும் அது யாருடையதென்று தெரியும். பிடிபட்ட கள்ளியை நிறுத்திவைத்த மாதிரி அது அங்கே தொங்கியது. அன்றைக்குப் பொழுதுபடமுதல் வயலுக்குள் எருமைகளை இறக்கிவிட்டார்கள். சிந்திய கதிரெல்லாம் சேற்றோடு போய்விட்டது. இந்தப் போகத்துக்குப் பொறுக்க இனி எதுவுமில்லை.

மதலேன் அழவில்லை என்று கேள்விப்பட்டேன். மூத்தவளைக் கல்முனையில் யார் வீட்டிலாவது வேலைக்கு விட வேண்டும் என்று சொன்னாளாம். அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் போடியாரின் தேத்தண்ணி இறங்கவில்லை.

இனிக் களவெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடடிக்கிற களத்தைத்தான் களவெட்டி என்கிறோம். மட்டக்களப்புத் தமிழ் வயற்காரர் அந்த இடத்தைக் கோயிலைப் போல வைத்திருப்பார்கள். செருப்போடு போகக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பொம்பிளை கால் வைக்கக் கூடாது. வாயிலும் கட்டுப்பாடு உண்டு. நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை, போதும், முடிஞ்சுது, குறைஞ்சுது, போயிற்று என்ற சொற்கள் ஒன்றும் களத்துக்குள் வாயில் வரக் கூடாது. வந்தால் பொலி போய்விடுமாம். ஒருமுறை நான் மறந்துபோய் "டீசல் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க யாரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த முறை "டீசல் பொலிஞ்சிட்டுது, வாங்கிட்டு வாறன்" என்றேன். அவர்களுக்கு விளங்கியது.

இல்லை என்று சொல்ல முடியாததால் களத்துக்கு வந்து பொலி கேட்கிறவரை யாரும் வெறுங்கையாக அனுப்புவதில்லை. வண்ணான் வருவான், அம்பட்டன் வருவான், கொல்லன் வருவான், கோயிலில் பறை அடிக்கிறவர் வருவார். போடியார் கையை விரித்து "வேணுமட்டும் அள்ளுங்க" என்பார். வந்தவர் ஒரு கடகம் அள்ளி, பொலியை வாழ்த்திவிட்டுப் போவார். வேணுமட்டும் என்றால் ஒரு கடகம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். புல்லுப் பிடுங்கின பொண்டுகள் மட்டும் அங்கே வந்து கேட்க வழியில்லை. அவர்களுக்குத்தான் களத்தில் கால் வைக்கத் தடை ஆயிற்றே.

சூடடிப்பு நாள். காலையிலேயே ஒரு சூடு, அதாவது ஒரு கதிர்ப்போர், அடித்துத் தூற்றி, பொலி பொன்னாகக் குவிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கீர் முகைதீன்பாவா றபானைத் தட்டிக்கொண்டு வந்தார். பச்சைத் தலைப்பாகையைக் கண்டதும் போடியார் சிரித்தார்.

"வாங்க பாவா. வேணுமட்டும் அள்ளுங்க."

பாவா ஒரு கடகம் அள்ளி, பைத்து ஒன்று பாடி, எனக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். நான் இரண்டாவது சூட்டைப் பரப்பி மிசினை ஏற்றி வட்டம் சுற்றத் தொடங்கினேன்.

அப்போதுதான் வரம்பில் பாதர் வந்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார். அதை அவர் பூசைக்குத் தவிர வேறெதற்கும் போட்டு நான் கண்டதில்லை. அவருக்குப் பின்னால் மதலேனும் மற்றப் பொண்டுகளும் சாக்குகளோடு வரிசையாக வந்தார்கள். களத்தின் ஓரத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். பாதர் வாடிக்குப் போய், கம்பத்தில் தொங்கிய கடகத்தைக் கழற்றினார். கதிர்காமன் வாயைத் திறந்தான், அங்கியைக் கண்டு மூடினான். பாதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் வந்து, பொலிக்கு முன்னால் நின்று, கடகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பொலி கேட்டு வந்திரிக்கன், போடியார்."

நான் மிசினை நிறுத்தினேன்.

போடியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் திகைப்பு, பிறகு மெல்ல மெல்ல ஒரு பெருமை. வீடு தேடி வந்து சண்டை பிடித்த சாமி, இன்று வண்ணான் அம்பட்டனைப் போலத் தன் களத்தில் வந்து கையேந்தி நிற்கிறார். தோற்றுவிட்டார், வீட்டுக்கு அரிசி கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போடியார் எழும்பி, சால்வையைச் சரிபண்ணி, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"வேணுமட்டும் அள்ளுங்க சாமி!"

பாதர் ஒரு கடகம் அள்ளினார். வாழ்த்தினார். ஓரத்துக்குப் போய் மதலேனின் சாக்கில் கொட்டினார். திரும்பி வந்தார். இன்னொரு கடகம் அள்ளினார்.

"இதும் மதலேனுக்கு" என்றார்.

மூன்றாவதும் மதலேனுக்கு. அதற்குப் பிறகு அடுத்த பொண்டு. போடியாரின் சிரிப்பு முகத்தில் காய்ந்துபோனது. களத்தில் நின்ற ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேணுமட்டும் என்ற சொல்லை இப்படி யாரும் எடுத்துக்கொண்டதாக அந்த வட்டாரத்திலேயே கதை கிடையாது. பாதரும் ஒரு போடியார் வீட்டுப் பிள்ளை. அந்தச் சொல்லின் அளவு அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அள்ளினார்.

"சாமி, இது..." என்று போடியார் தொடங்கினார். போதும் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல முடியாது. குறையுது என்று சொல்ல முடியாது. அவருக்குத் தேவைப்பட்ட சொற்கள் எல்லாம் களத்துக்கு வெளியே கிடந்தன. கடைசியில் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"காலிதீன்! மிசின எடு!"

"எடுக்கலாம் போடியார். சாமி முன்னால நிக்கிறார். ஏத்திரவா?"

பாதர் அப்போது நின்றது பொலிக்குப் பக்கத்தில், என் சில்லிலிருந்து நல்ல தூரத்தில். அது எனக்கும் தெரியும், போடியாருக்கும் தெரியும். நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். முகட்டைப் பார்த்த அந்த நாளுக்கு இப்போதாவது ஒரு கணக்குத் தீர்ந்தது என்று சந்தோசமாக இருந்தது.

போடியார் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார். வயதான மனிதர். "கூரை..." என்று மட்டும் சொன்னார். கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை.

பாதரின் கை நின்றது. தன் தகப்பனே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியதோ என்னவோ, குரல் இளகிவிட்டது.

"போடியார், உங்கட மனசு புண்பட்டா என்ன மன்னிச்சிருங்க. அடுத்த போகம் வயலத் திறந்து விடுறனெண்டு ஒரு வார்த்த சொல்லுங்க. அள்ளினதெல்லாம் இப்பவே திருப்பிக் கொட்டிர்றன்."

களத்திலிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். நல்ல முடிவு என்று நானும் தலையாட்டினேன். இன்று நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. போடியாருக்கு மரியாதை மிஞ்சுகிறது, சாமிக்குச் சமாதானம் மிஞ்சுகிறது, எனக்குப் பிழைப்பு மிஞ்சுகிறது. அந்தப் பிள்ளை மட்டும் அடுத்த கிழமை கல்முனைக்கு வேலைக்குப் போகும்.

"பாதர்!"

மதலேன் ஓரத்திலிருந்து கத்தினாள். அவள் இவ்வளவு உரக்கக் கதைத்து யாரும் கேட்டதில்லை.

"என்ர சாக்கில கிடக்கிறதக் கொட்ட நீங்க ஆரு?"

பாதர் திரும்பினார். மதலேன் சாக்கின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அடுத்த போகத்துக்கு வார்த்த. இந்தப் போகத்துக்கு என்ர பிள்ளையள் வார்த்தையத் திங்கிறதா? எங்களுக்காகக் கேட்டீங்க, நல்லம். எங்களுக்காகத் திருப்பிக் குடுக்க உங்களுக்கு ஆர் சொன்னது?"

சொல்லிக்கொண்டே களத்துக்குள் காலை வைத்தாள்.

கதிர்காமன் "ஐயோ" என்றான். யாரோ "புள்ள, புள்ள" என்றார்கள். வராதே என்று சொல்லவும் களத்தில் ஒரு நல்ல சொல் வேண்டும். அந்த நேரத்துக்கு ஒருவருக்கும் அது அகப்படவில்லை. அவள் சேறு காய்ந்த காலோடு நேரே நடந்து வந்து பாதருக்கு முன்னால் நின்றாள். பாதரின் முகம் சிவந்துபோயிருந்தது. ஒரு கணம் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடகத்தை அவளிடம் கொடுத்தார். பிறகு விலகி நடந்து போய், பொண்டுகள் நின்ற ஓரத்தில், அவள் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டார். சாமிமாரில் எனக்கு ஒருவரைப் பிடிக்கும் என்றால் அந்த நடைக்காகத்தான்.

மதலேன் போடியாருக்கு முன்னால் கடகத்தை நீட்டினாள்.

"போடியார், உங்கட வயலில புல்லுப் புடுங்கின கை இது. கூரைக்கு வேணுமெண்டு கேட்டா எங்கட பங்கில நாங்களும் தருவம். ஆனா எங்கட பங்க முதல் எங்கட கையில தரணும். இந்தப் போகத்துப் பொலியும் வேணும், அடுத்த போகம் வயலும் வேணும். தருவீங்களா?"

தருவீங்களா என்று அவள் கேட்டது களத்தின் நடுவில், பொலிக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால். போடியார் அவளைப் பார்த்தார். பொலியைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற சாமியைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொல்.

"ஓம்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழும்பி, கடகத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தானே குனிந்து அள்ளிக் கொடுத்தார். பயமா, வெட்கமா, உண்மையிலேயே மனம் திரும்பினாரா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கடகம் விளிம்புக்கு மேலே குவியும்வரை அள்ளினார் என்பதை மட்டும் கண்டேன். மற்றப் பொண்டுகளும் ஒவ்வொருவராகக் களத்துக்குள் வந்தார்கள். கதிர்காமனே சாக்குப் பிடித்தான்.

பொலி குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சொல்லைக் களத்தில் நடந்த கதைக்குள் நான் கொண்டுவர மாட்டேன். கோயிலுக்கு அந்த வருசம் கிடுகால்தான் கூரை போட்டார்கள். பொண்டுகள்தான் கிடுகு பின்னினார்கள். ஓடு வரக் கொஞ்சக் காலம் சென்றது. மேலிடத்துக்கு யாரோ முறைப்பாடு சொல்லி, பாதரை விசாரிக்க ஆள் வந்தது. விசாரிக்க வந்தவரைப் பாதர் தன் கிடுகுக் குடிசையில் இருத்தி, மதலேன் குற்றிக் கொடுத்த அரிசியில் சோறாக்கிப் போட்டார் என்று கேள்வி. அந்தப் பிள்ளை கல்முனைக்கு வேலைக்குப் போகவில்லை.

அன்று நான் மிசினைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டபோது பொண்டுகள் சாக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மதலேன் மட்டும் வாடிக்குப் போனாள். வெறுங் கடகத்தை எடுத்து, பாதர் கழற்றின அதே கம்பத்தில், தொங்கின அதே இடத்தில் மாட்டினாள்.

"என்ன புள்ள, கடகத்த உட்டுட்டுப் போறாய்?" என்று நான் கேட்டேன்.

"இங்கினயே தொங்கட்டும் காக்கா" என்றாள். "வாற போகம் வயலுக்கு வரக்குள்ள எடுக்கிறன்."